இல்லாமையும் அறியாமையும்: கோப்புகளின் வகை, நிலை பற்றிய சோதனையும் மலையகத் தோட்டப் பதிவுகளும்

1

மலையகத் தோட்ட மக்களின் சமூக வரலாற்றையோ இலக்கிய வரலாற்றையோ எழுத முற்படும் எவரும் முதலில் எதிர்கொள்ளும் தடை ஆவணம் பற்றியதாகும். பெயர்ப் பதிவுக்குரிய செக்றோல், சம்பளக் கணக்கு, பிறப்பு இறப்புக் குறிப்புகள், துரைமார் எழுதிய கடிதங்கள், தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரங்கள், ஹற்றனிலும் கண்டியிலும் கொழும்பிலும் அச்சாகிச் சிதறிய பத்திரிகைகள் ஆகியனவே அம்மக்களின் வாழ்வு எழுத்திற் பதிந்த இடங்களாகும். இவற்றுட் பெரும்பகுதி தோட்ட அலுவலகங்களுக்குள்ளேயே இருந்தது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992 இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. உடைமை கைமாறிய ஒவ்வொரு வேளையிலும் தாள்களும் கைமாறின.

இன்று இத்தகைய ஆவணங்கள் ஒளிப்படமாக்கப்பட்டுக் கணினிக் கோப்புகளாக மாறி வருகின்றன. ஆயிரக்கணக்கான கோப்புகளைக் கண்ணால் எண்ணிச் சரிபார்த்தல் இயலாதாகலின், அப்பணியைச் சிறு நிரலொன்றிடம் ஒப்படைக்கின்றோம். நிரல் ஒவ்வொரு கோப்பையும் நோக்கி மூன்று வினாக்களை எழுப்புகின்றது: இப்பெயரில் ஏதேனும் உண்டா? உண்டெனின் அது எவ்வகையானது? அதன் நிலை யாது? இவ்வினாக்களுக்கு விடை பெறும் முறையினை விளக்குவதும், அவ்விடைகளைப் பிழைபட வாசிப்பதனால் விளையும் தீங்கினை எடுத்துக்காட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

இது பொறியியலாளரின் விடயமன்றோ எனச் சிலர் வினவலாம். தமிழாய்வாளருக்கு இவ்வினா புதியதன்று. பதிற்றுப்பத்தினை உ. வே. சாமிநாதையர் 1904 இல் பதிப்பித்தபோது அதன் முதற் பத்தும் பத்தாம் பத்தும் அவருக்குக் கிடைக்கவில்லை. இன்றுவரை நாம் அவற்றைக் ‘கிடைக்காத பத்துக்கள்’ என்றே வழங்குகின்றோம். அவை இயற்றப்படவே இல்லை என எவரும் கூறுவதில்லை. ‘இல்லை’ என்னும் சொல்லுக்கும் ‘கிடைக்கவில்லை’ என்னும் சொல்லுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டின் மீதே சுவடிப் பதிப்பு என்னும் துறை நிற்கின்றது. கணினி நிரலும் இவ்வேறுபாட்டின் மீதே நிற்றல் வேண்டும்.

2

கோப்பு முறைமை எவ்வாறு அமைந்துள்ளது என்பதை முதலில் நோக்குவோம். 1970 களின் தொடக்கத்தில் உருவான யுனிக்ஸ் இயங்குதளமும் அதன் வழிவந்த லினக்ஸ் முதலியனவும் பின்பற்றும் அமைப்பு வருமாறு.

கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. கோப்புறை என நாம் அழைப்பது உண்மையில் ஒரு பட்டியலேயாகும். அதன் ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயரும் ஓர் எண்ணும் இருக்கும். அவ்வெண் ஒரு பதிவினைச் சுட்டும். கோப்பின் வகை, அளவு, உடைமையாளர், யார் யார் அதனை வாசிக்கலாம், எழுதலாம் என்னும் அனுமதிகள், இறுதியாக மாற்றப்பட்ட நேரம் முதலிய விவரங்கள் யாவும் அப்பதிவிலேயே உள்ளன. பெயர் மட்டும் அங்கே இல்லை. செக்றோலில் தொழிலாளிக்கு ஒரு பெயரும் ஓர் இலக்கமும் இருப்பதையும், கணக்கப்பிள்ளைக்கு இலக்கமே முதன்மையாவதையும் அறிந்தோருக்கு இவ்வமைப்பு எளிதில் விளங்கும்.

நிரல் ஒன்று ‘இப்பாதையில் உள்ளது யாது?’ என வினவும்போது இயங்குதளம் பாதையிலுள்ள கோப்புறைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து, ஈற்றிலுள்ள பெயருக்குரிய எண்ணைக் கண்டு, பதிவினைப் பிரதி செய்து தருகின்றது. யுனிக்ஸில் இவ்வினாவுக்கு ‘ஸ்டேட்’ என்று பெயர். இங்கு ஒரு நிபந்தனை உண்டு. பாதையிலுள்ள ஒவ்வொரு கோப்புறையையும் கடந்து செல்வதற்கு வினவுபவருக்கு அனுமதி இருத்தல் வேண்டும். கோப்புறையின் பட்டியலை வாசிக்கும் அனுமதி ஒன்று. அதனைக் கடந்து பதிவுகளை அணுகும் அனுமதி பிறிதொன்று. முன்னையது இருந்து பின்னையது இல்லாதவிடத்து, நமக்குப் பெயர்கள் தெரியும். ஆனால் அப்பெயர்களுக்குரிய பதிவினைக் கேட்டால் மறுப்பே விடையாகக் கிடைக்கும். ஒருவரது பெயரை அறிந்தும் அவரைப் பற்றிக் கேட்க இயலாத இந்நிலை கணினிக்கு மட்டும் உரியதன்று என்பது பின்னர்த் தெளிவாகும்.

3

இயங்குதளத்தோடு நேரடியாக உரையாடாது, இடைநின்று உதவும் நிரல் நூலகங்களின் வாயிலாகவே இன்று பெரும்பாலோர் நிரல் எழுதுகின்றனர். சி பிளஸ் பிளஸ் மொழியில் ‘பூஸ்ட்’ என்னும் தொகுதியின் பகுதியாக வளர்ந்த கோப்பு முறைமை நூலகம், 2017 ஆம் ஆண்டின் மொழி நியமத்திற் சேர்க்கப்பட்டது. இந்நூலகம் கோப்பு வகைகளுக்குப் பத்துப் பெயர்களை வகுத்துள்ளது.

அவற்றுள் ஏழு, உள்ள பொருளின் வகையைக் கூறுவன: சாதாரணக் கோப்பு, கோப்புறை, குறியீட்டு இணைப்பு, வன்தட்டுப் போன்ற சாதனங்களைச் சுட்டும் கட்டச் சாதனக் கோப்பு, விசைப்பலகை போன்றவற்றைச் சுட்டும் எழுத்துச் சாதனக் கோப்பு, நிரல்களுக்கிடையே தரவு பாயும் குழாய், நிரல்கள் உரையாடுவதற்கான பொருத்துவாய் என்பன. ஆவணப் பணிக்கு முதல் மூன்றுமே பெரிதும் வேண்டப்படுவன.

எஞ்சிய மூன்றும் பொருளின் வகையைக் கூறுவன அல்ல. நமது அறிவின் வகையைக் கூறுவன. ஒன்று, ‘காணப்படவில்லை’: பாதையை முறையாக நோக்கியபோது அங்கு அப்பெயர் இல்லை என்பது இதன் பொருள். நூலகம் இதனை ஒரு வழுவாகக் கருதுவதில்லை. இதுவும் ஒரு தெளிந்த விடையே. இரண்டு, ‘வகை அறியப்படாதது’: பொருள் உண்டு, ஆயின் அதன் பண்புகளை அறிய முடியவில்லை என்பது இதன் பொருள். மூன்று, ‘எதுவுமில்லை’ எனப் பெயரிடப்பட்டது: நிலை இன்னும் கணிக்கப்படவில்லை, அல்லது கணிக்க முயன்றபோது வழு நேர்ந்தது என்பது இதன் பொருள். பெயரைக் கண்டு இதனைக் ‘கோப்பு இல்லை’ என மயங்குதல் கூடாது. நாம் விடை பெறவில்லை என்பதே இதன் உட்பொருள்.

இப்பகுப்பு நுண்மையானது, நேர்மையானதும் ஆகும். எனினும் நடைமுறையில் நிரலாளர் இம்மூன்று விடைகளையும் பொறுமையுடன் கேட்பதில்லை. ‘உண்டா?’ என்னும் ஒற்றைச் சோதனையையே நாடுகின்றனர். அச்சோதனை ‘ஆம்’ அல்லது ‘அன்று’ என இரண்டிலொன்றையே தருவது. சி பிளஸ் பிளஸ் நூலகத்தில் அதற்கு இரு வடிவங்கள் உள. ஒரு வடிவம், நிலையை அறிய முடியாதபோது விதிவிலக்கொன்றை எழுப்பி நிரலைத் தடுத்து நிறுத்தும். மற்றைய வடிவம் ‘அன்று’ எனக் கூறிவிட்டு, உண்மைக் காரணத்தைத் தனியே ஒரு வழுக் குறியில் எழுதி வைக்கும். அக்குறியை வாசியாத நிரலாளருக்கு, அனுமதி மறுக்கப்பட்ட கோப்பும் இல்லாத கோப்பும் ஒன்றாகவே தோன்றும். பைதன் மொழியில், ‘ஓஎஸ்’ தொகுதியின் பாதைப் பகுதியிலுள்ள ‘எக்ஸிஸ்ட்ஸ்’ என்னும் சோதனை இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. பதிவை நோக்க அனுமதி இல்லாதவிடத்தும் அது ‘அன்று’ என்றே கூறும். காரணம் எதனையும் விட்டுவைக்காது.

எடுத்துக்காட்டொன்றைக் கொள்வோம். ஹற்றன் பகுதித் தோட்டமொன்றின் செக்றோல் புத்தகங்கள் 40 ஆண்டுகளுக்கு உரியவை ஒளிப்படமாக்கப்பட்டு, ஆண்டுக்கு ஒரு கோப்புறையாக வன்தட்டில் உள்ளன எனக் கருதுவோம். அவற்றுள் 3 ஆண்டுகளுக்குரிய கோப்புறைகளை வேறொரு பயனர் பெயரில் ஒருவர் பிரதி செய்தமையால், அவற்றைக் கடக்கும் அனுமதி நமக்கில்லை. ‘உண்டா?’ என்று மட்டும் வினவும் நிரல், அவ்வாண்டுகளின் பக்கங்கள் அனைத்தையும் ‘இல்லாதவை’ எனப் பட்டியலிடும். அப்பட்டியல் அறிக்கையாகும், அறிக்கை ஆய்வேட்டின் அடிக்குறிப்பாகும், பத்தாண்டுகள் கழித்து ‘அக்காலப் பதிவுகள் இல்லை’ என்பது வரலாற்று உண்மையாக நிலைபெறும். வன்தட்டில் அவை அப்போதும் இருக்கும்.

4

வகை, நிலை ஆகியன பற்றி மேலும் மூன்று எச்சரிக்கைகள் கூறத்தக்கன.

முதலாவது, ‘சாதாரணக் கோப்பு’ என்னும் விடை உள்ளடக்கம் பற்றி ஒன்றும் கூறுவதில்லை. அது வெறும் பைற்றுகளின் தொடர் என்பதே அதன் பொருள். பெயரின் ஈற்றிலுள்ள ‘ஜேபெக்’, ‘டிஃப்’ முதலிய ஒட்டுக்கள் நாம் இட்டவை. கோப்பு முறைமை அவற்றைச் சரிபார்ப்பதில்லை. ஒரு கோப்புறைக்கும் அத்தகைய பெயரை இடலாம். இடையில் அறுந்துபோன பிரதியும், ஒரு பைற்றுக்கூட இல்லாத வெற்றுக் கோப்பும் ‘சாதாரணக் கோப்பு’ என்றே விடை தரும். தோட்டப் பதிவேட்டிலும் இதனை ஒத்த நிலை உண்டு. நாள் முழுதும் மலையில் நின்றும் குறித்த அளவு கொழுந்தைப் பறிக்க இயலாத பெண்ணுக்கு ‘அரைப்பேர்’ இடுவது வழக்கம். அப்பதிவை வாசிப்பவருக்கு அரைநாள் வேலையே தெரியும். செலவான உழைப்புச் சக்தி தெரியாது. பதிவேடு காட்டுவது அதனை உடையவர் காண விரும்பிய பண்பையே. எனவே அளவினை நோக்குதலும், கோப்பின் தொடக்கப் பைற்றுகளைக் கொண்டு உண்மை வடிவத்தை அறிதலும், சரிபார்ப்புத் தொகை கணித்து மூலப் பிரதியோடு ஒப்பிடுதலும் வகைச் சோதனையைத் தொடர்ந்து செய்யப்பட வேண்டியனவாகும்.

இரண்டாவது எச்சரிக்கை குறியீட்டு இணைப்புப் பற்றியது. குறியீட்டு இணைப்பு என்பது தன்னுள் பொருளெதனையும் கொள்ளாது, வேறொரு பாதையின் பெயரை மட்டும் கொண்டுள்ள கோப்பாகும். நூலகத்தின் ‘ஸ்டேட்டஸ்’ என்னும் வினா இணைப்பைப் பின்தொடர்ந்து சென்று, அது சுட்டும் பொருளின் நிலையைக் கூறும். ‘சிம்லிங்க் ஸ்டேட்டஸ்’ என்னும் வினா இணைப்பின் நிலையையே கூறும். சுட்டப்பட்ட பொருள் நீக்கப்பட்டால் இணைப்பு அறுந்ததாகும். அந்நிலையில் முதல் வினாவுக்குக் ‘காணப்படவில்லை’ என்றும், இரண்டாவதற்குக் ‘குறியீட்டு இணைப்பு’ என்றும் விடை வரும். இரண்டும் உண்மையே. இரண்டையும் ஒருங்கே கேட்டாலன்றி ‘பெயர் உண்டு, அது சுட்டும் பொருள் அங்கில்லை’ என்னும் முழு உண்மை வெளிப்படாது.

மூன்றாவது எச்சரிக்கை காலம் பற்றியது. நிலை என்பது வினவிய கணத்துக்கு உரியது. காலைப் பிரட்டிற் பெயர் கொடுத்தவர் பிற்பகலில் எந்த மலையில் நிற்கின்றார் என்பதைப் பிரட்டுப் புத்தகம் கூறாது. அவ்வாறே, ஒரு கோப்பு உண்டெனச் சோதித்த கணத்துக்கும் அதனைத் திறக்கும் கணத்துக்கும் இடையில் அது அழிக்கப்படலாம், மாற்றப்படலாம், வன்தட்டே கழற்றப்படலாம். கோப்புறையை வரிசையாக வாசிக்கும்போது நூலகம் முன்னர்க் கண்ட நிலையை நினைவிற் சேமித்துப் பின்னர் அதனையே தருவதும் உண்டு. எனவே ‘சோதித்தேன், ஆகவே திறக்கும்’ என நம்புவதிலும், நேரே திறக்க முயன்று, மறுக்கப்பட்டால் அதன் காரணத்தைக் கேட்டறிதலே தக்க முறையாகும்.

5

இவ்வேறுபாடுகளை இத்துணை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மலையக மக்களின் வரலாற்றில் ‘வகை’, ‘நிலை’ என்பன தொழில்நுட்பச் சொற்களாக மட்டும் இருந்ததில்லை. கடன் விவரம் எழுதிய ‘துண்டு’ கையில் இல்லாத தொழிலாளி ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொன்றிற் சேர இயலாதிருந்த முறை 1921 இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தாளில்லாதவனுக்கு இடமில்லை என்னும் கோட்பாடு அத்துடன் ஒழியவில்லை.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம், வம்சாவளிக் குடியுரிமையைத் தந்தையின் அல்லது தந்தைவழிப் பாட்டன், பூட்டன் ஆகியோரின் பிறப்பிடத்தைக் கொண்டு வரையறுத்தது. அதனை அடுத்து வந்த 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம், 1946 சனவரி 1 ஆம் திகதிக்கு முன் மணமானோர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்தமையை நிறுவுமாறு கோரியது. விண்ணப்பிப்பதற்கு இரண்டாண்டுக் காலமே வழங்கப்பட்டது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயரால் விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன; குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. நிராகரிப்புக்குக் காரணங்கள் பலவாயினும் நிரூபணச் சுமை யார் மீது வைக்கப்பட்டது என்பதே இங்கு நோக்கத்தக்கது. வதிவுக்குச் சான்றாகத்தக்க பதிவுகள் தோட்ட நிருவாகத்தின் அலுமாரியில் இருந்தன. அவற்றைக் காட்டவேண்டிய பொறுப்போ லயத்தில் வாழ்ந்த தொழிலாளியின் மீது இருந்தது. பதிவு கிடைக்காதவிடத்து ‘வதிவு அறியப்படவில்லை’ என்னும் முடிவுக்கு இடமிருக்கவில்லை. ‘வதிவு நிறுவப்படவில்லை’ என்பதே முடிவாயிற்று. நடைமுறையில் அது ‘வதிவு இல்லை’ என்பதற்கு நிகராயிற்று. முன்னர்க் கூறிய பெயர் தெரிந்தும் பதிவை அணுக இயலாத நிலை இதுவே.

அறுந்த இணைப்புக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1964 ஒக்ரோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974 ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கும் சரிபாதியாக்கப்பட்டனர். இந்தியக் குடியுரிமை பெற்றும் பயணம் செய்யாது தோட்டங்களிலேயே தங்கிவிட்டோர் பலர். 1984 இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பற் சேவை நின்றபின் அவர்களது தாளும் வாழ்வும் வெவ்வேறு திசைகளில் நின்றன. தாள் இந்தியாவைச் சுட்டியது. ஆள் நுவரெலியா மாவட்டத்தின் லய அறையொன்றில் இருந்தார். சுட்டப்பட்ட இடத்தில் மட்டும் தேடிய எந்த நிருவாகத்துக்கும் அவர் ‘காணப்படாதவர்’ ஆனார். 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டமும், 1964 ஒக்ரோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்தோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கிய 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் வரும்வரை ‘நாடற்றோர்’ என்னும் வகைப்பெயர் முற்றாக அகலவில்லை.

இவ்வொப்புமைக்கு எல்லையுண்டு என்பதையும் கூறுதல் வேண்டும். நிரலாளர் ‘அறியவில்லை’ என்பதை ‘இல்லை’ என வாசிப்பது பெரும்பாலும் கவனக்குறைவாகும். அதனால் எவருக்கும் இலாபமில்லை. 1949 இன் நடைமுறை அத்தகையதன்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. தோட்டத் தொழிலாளர் பிற தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் வாக்களித்திருந்தனர். அவ்வாக்குரிமை பறிக்கப்பட்டதில் ஆளும் வர்க்கத்துக்குத் தெளிவான நலன் இருந்தது. ஒரே தருக்கப் பிழை ஓரிடத்தில் வழுவாகவும் மற்றோரிடத்தில் அரசின் கொள்கையாகவும் அமையலாம். ஆயினும் கொள்கையால் விளைந்த வெறுமையை ஆவணப்படுத்த முன்வருவோர், அதே வெறுமையைக் கவனக்குறைவால் மீண்டும் உண்டாக்குவது பொறுத்தற்கரியது.

6

இனி, ஆவணச் சேகரத்தைச் சரிபார்க்கும் நிரல் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதைத் தொகுத்துரைப்போம். முதலில் சேகரத்தின் மூலக் கோப்புறையையே சோதித்தல் வேண்டும். வன்தட்டு இணைக்கப்படாதபோது ஒவ்வொரு கோப்பும் ‘காணப்படவில்லை’ எனவே தோன்றும். அவ்விடை பிழையன்று, ஆயினும் அது சேகரத்தைப் பற்றியதன்று. சேகரத்தினுள் அடையாளக் கோப்பொன்றை வைத்து, அது தென்பட்ட பின்னரே எண்ணத் தொடங்குதல் நன்று. அடுத்து, நிலையை ஒரே முறை கேட்டு அவ்விடையை மாறியொன்றில் வைத்து, அதிலிருந்தே வகையை ஆராய்தல் வேண்டும். ‘உண்டா? கோப்பா? கோப்புறையா?’ எனத் தனித்தனியே வினவினால் ஒவ்வொரு விடையும் வெவ்வேறு கணத்துக்கு உரியதாகிவிடும். வழுக் குறி எழுந்த இடமெல்லாம் அதனை வாசித்தல் வேண்டும். இணைப்புகள் இருக்கக்கூடிய சேகரத்தில் இரு வினாக்களையும் கேட்டல் வேண்டும்.

யாவற்றினும் முதன்மையானது அறிக்கையின் அமைப்பாகும். ‘உள்ளவை’, ‘இல்லாதவை’ என்னும் இரு நிரல்கள் போதா. நோக்கப்பட்டுக் காணப்பட்டவை, நோக்கப்பட்டுக் காணப்படாதவை, உள்ளன எனினும் அறிய இயலாதவை, நோக்க முயன்று தடுக்கப்பட்டவை என நான்கு நிரல்கள் வேண்டும். நோக்கிய நாளும் நேரமும் யாருடைய அனுமதியின் கீழ் நோக்கப்பட்டது என்பதும் அறிக்கையின் தலைப்பில் எழுதப்படல் வேண்டும். இதற்காக எழுதவேண்டிய நிரல் வரிகள் சிலவே.

மலையகத்துக்கென எழுத்திலக்கியம் இல்லை எனக் கருதப்பட்ட காலமொன்று இருந்தது. கோ. நடேசய்யரின் பத்திரிகைப் பணியும் துண்டுப் பிரசுரங்களும், சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோறும் கேட்டுத் தொகுத்த மக்கள் பாடல்களும் ஆய்வாளரின் கண்ணிற் பட்ட பின்னரே அக்கருத்துத் தளர்ந்தது. இல்லாதிருந்தது இலக்கியமன்று, நோக்கியோரின் முயற்சியே. இலக்கிய வரலாற்றாசிரியர் தாமதமாகக் கற்ற இப்பாடத்தை, அவ்வெழுத்துக்களைக் காக்க முன்வரும் இளைய ஆய்வாளர்கள் தம் நிரலின் முதல் வரியிலிருந்தே கைக்கொள்ளுதல் வேண்டும். தெரியாததைத் தெரியாதது என்றே எழுதி வைப்போமாயின், பின்வருவோர் அங்கிருந்து தேடத் தொடங்குவர். ‘இல்லை’ என எழுதிவிட்டால் அவர் தேடப்போவதில்லை.